உறைக்குள் வைத்த பெயர்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலக அறையின் மின்விசிறி மறுபடி நின்றுவிட்டது. குமாஸ்தா ஸ்டூல் போட்டு ஏறி ஒரு தட்டுத் தட்டினார், சுற்றியது. அவர் இறங்கியதும் நின்றது. "அதுவும் வாய்தா கேக்குது மேடம்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

காலையில் சமையலக்கா வழக்கு. ஒரு பெண்கள் விடுதியில் பதினாலு வருஷம் நூற்றறுபது பேருக்குச் சமைத்தவர். போன வருஷம் நிர்வாகம் சமையலறை ஆட்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தது. எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடம் முடிவை அவரிடம் தராமல் நேராக வார்டனிடம் தந்தது. மறுநாள் அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுக் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார்கள். 'உணவுப் பாதுகாப்பு காரணமாக' என்று இருந்தது. எச்.ஐ.வி. என்று எழுதவில்லை, வாயால் சொன்னார்கள். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. செத்துப்போன கணவர் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு வருஷமாக மாத்திரை தவறவிட்டதில்லை. பரிசோதனையில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். நீதிபதி கையை உயர்த்திவிட்டுக் கேட்டார்: "சமைக்கும்போது கரண்டில எடுத்து உப்புப் பார்ப்பாங்களா?"

"பார்த்துட்டுக் கரண்டியைக் கழுவுவாங்க ஐயா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மனுவில் அவர் 'எக்ஸ்'. உண்மைப் பெயரும் விலாசமும் முத்திரை வைத்த உறையில் நீதிபதி மேசையில் இருக்கின்றன. கோர்ட்டில் என்னிடம் பேசக் கூடாது, வேறு யாருடைய வழக்குக்கோ வந்தவர் மாதிரி ஓரமாக உட்கார வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வழக்குப் போடுவதற்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது வக்கீலம்மா. முட்டி வலின்னு சொல்லித்தான் வேலையை விட்டதா வெச்சிருக்கேன்." மகளுக்குப் பத்தொன்பது வயது, துணிக்கடையில் வேலை. "உங்க பேரு இந்த வாசலைத் தாண்டாது" என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

கோர்ட்டில் எல்லா வழக்குக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு. எண் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 'கிணத்து கேஸ்', 'மாடிப்படி கேஸ்', 'ரெண்டு பொண்டாட்டி கேஸ்'. என்னுடையது 'எச்.ஐ.வி. கேஸ்'. டீ கொண்டுவருபவர்கூட "எச்.ஐ.வி. கேஸு இன்னிக்கு எப்ப வருது மேடம்?" என்று கேட்டார். "பதினொண்ணரைக்கு" என்றேன். திருத்தவில்லை. திருத்தினால் இதைவிட மோசமாக ஒன்று வைப்பார்கள்.

மார்ச் 13, வியாழன்

பட்டுக்குரல் இன்று என் அறைக்கே வந்தார். விடுதியின் வக்கீல். அந்தப் பெயர் இந்த நோட்டுக்குள் மட்டும்தான். மனுஷன் தூக்குத் தண்டனை கேட்டாலும் தாலாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும்.

"சமாதானமாப் போயிடலாம் மேடம். தோட்ட வேலை. அதே சம்பளம். ரெக்கார்டுல ஒண்ணும் வராது. சமையலறைப் பக்கம் மட்டும் வரவேண்டாம்."

மதியம் சமையலக்காவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். "செடிக்குத் தண்ணி ஊத்தறது ஒண்ணும் கஷ்டமில்லையே வக்கீலம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. கால் மணி நேரம் பேசினேன். இதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொரு சமையல்காரரையும் இப்படித்தான் வெளியே தள்ளுவார்கள் என்றேன். இது தோட்ட வேலை இல்லை, நீங்கள் தொட்டால் தீட்டு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்றேன். தீர்ப்பு வந்தால் உங்களை மாதிரி எத்தனையோ பேருக்கு உதவும் என்றேன்.

"எத்தனையோ பேருக்கா?" என்று கேட்டுக்கொண்டார். யாரையோ எண்ணிப் பார்ப்பது போல் இருந்தது. "சரி. நீங்க படிச்சவங்க."

சமாதானம் வேண்டாம் என்று பட்டுக்குரலுக்குப் போன் செய்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு துள்ளல், மறைப்பானேன். இந்த மாதிரி ஒரு வழக்குக்காகத்தான் இந்தக் கறுப்புக் கோட்டு.

மார்ச் 14, வெள்ளி

என் வீட்டுக்காரர் கேட்டார்: "தோட்ட வேலை வேண்டாம்னு சொன்னது அவங்களா, நீயா?"

துணி மடித்தேன். மடித்திருந்ததையும் பிரித்து மடித்தேன்.

மார்ச் 27, வியாழன்

சமையலக்காவுக்கு மருந்து எழுதுகிற டாக்டரம்மா சாட்சிக்கூண்டில் ஏறினார். பொறுமை கிடையாது, ஆனால் சொல் சுத்தம்.

பட்டுக்குரல்: "காய் நறுக்கும்போது கையை வெட்டிக்கிட்டா? ரத்தம் சாப்பாட்டுல விழுந்தா?"

டாக்டர்: "ரத்தம் விழுந்த சாப்பாட்டை யார் சமைச்சிருந்தாலும் கொட்டத்தான் சொல்லுவேன். நீங்க சாப்பிடுவீங்களா?"

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். பேனா ஓடியதை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு பட்டுக்குரல் இன்னும் மெதுவாகப் பேசினார். விஞ்ஞானம் எங்களுக்கும் தெரியும். ஆனால் நூற்றறுபது பெண்களைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பயத்துக்கு எந்த டாக்டர் மருந்து கொடுப்பார்? நீதிபதி தலையை ஆட்டினார். டாக்டருக்கு ஆட்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம். இந்த நீதிபதியின் மகளும் ஏதோ விடுதியில் தங்கித்தான் படிக்கிறாள் என்று குமாஸ்தா எப்போதோ சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

என்ன செஞ்சுட்டேன்.

வரிசையா எழுதறேன். எழுதினாத்தான் எனக்கே புரியும்.

எங்கள் நீதிபதி இன்று விடுப்பு. வழக்குகளை மூன்றாம் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருக்கும் பெஞ்ச் கிளார்க் புதுசு, எங்கள் உறையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில் மாடியில் எனக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கு. இரண்டு இடத்தில் நிற்க முடியாது. வாய்தா கேட்டு ஒரு மனு கொடுத்துவிட்டு மேலே ஓடலாம் என்று பார்த்தேன். அவருக்காக இல்லை, என் வசதிக்காக. அதையும் எழுதித்தான் ஆகணும்.

குமாஸ்தா நகல் எடுக்கப் போயிருந்தார். அச்சடித்த வாய்தாப் படிவம் என் பையில் எப்போதும் இருக்கும். தாழ்வாரத்து ஜன்னல் விளிம்பில் வைத்து நிரப்பினேன். 'மனுதாரர் பெயர்' என்று போட்டு ஒரு கோடு. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோட்டை நிரப்பிய கை. நிரப்பிவிட்டது. அவர் பெயர், கணவர் பெயர், வயது. திரும்ப ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்தைக் கிறுக்கி நீட்டிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

வாய்தா மனு வந்தால் கட்சிக்காரர் வந்திருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்ப்பது அந்த அறையின் வழக்கம். வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற டவாலியிடம் கிளார்க் சீட்டைக் கொடுத்தார். டவாலிக்குக் கட்டடம் முழுக்கக் கேட்கும் குரல். முதல் தடவை கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை கால் நின்றுவிட்டது. மூன்றாம் தடவை, ஆளைக் கண்டுபிடிக்க உதவியாக இருக்கட்டும் என்று அவரே சேர்த்துக்கொண்டார்: "எச்.ஐ.வி. கேஸு. வந்திருக்காங்களா?"

சமையலக்கா எழுந்து நின்னுட்டாங்க.

பாதிப் படியில் நின்று மேலிருந்து பார்த்தேன். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தது நான்தான். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு "இருக்கேங்க" என்றார். தாழ்வாரத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தூணோரம் நின்ற ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு "நீயா?" என்றாள். அவர் தெருக்காரி. ஜீவனாம்ச வழக்கு ஒன்றுக்காக வந்தவளாம்.

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். என்னிடம் பேசக் கூடாது என்ற விதியை அவர் அப்போதும் மறக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"நான் ஏதும் தப்பா எந்திரிச்சுட்டேனா வக்கீலம்மா?"

ஏப்ரல் 10, வியாழன்

நீதிபதியை அவர் அறையில் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். நல்லவராகவே நடந்துகொண்டார். நான் எழுதிய தாளை எடுத்து உறைக்குள் வைக்கவும், 'எக்ஸ்' என்று வேறு தாள் சேர்க்கவும் உத்தரவு போட்டார். ஐந்து நிமிஷத்தில் காகிதம் சுத்தமாகிவிட்டது. தெருவைச் சுத்தம் செய்ய எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

டவாலி தாழ்வாரத்தில் காத்திருந்தார். "மேடம், எனக்கு யாருமே சொல்லலையே" என்றார்.

"தப்பு என்னுதுண்ணே."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஏப்ரல் 12, சனி

போன் எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மகள் வந்தாள். துணிக்கடைச் சீருடை, மதிய இடைவேளை. சட்டையில் குத்தும் பெயர் அட்டையைக் கழற்றிக் கைக்குள் மூடிவைத்திருந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஆறு நாளாக மனத்துக்குள் எழுதிவைத்திருந்த வாக்கியம் பாதியில் நின்றது.

"எனக்கு மூணு வருஷமாத் தெரியும் மேடம்."

நானும் எழுந்து நின்றேன்.

"அரிசி டப்பாவுக்குள்ள மாத்திரையை ஒளிச்சு வெப்பாங்க. ஒரு நாள் பேரைப் பார்த்து எழுதிட்டுப் போய் மருந்துக் கடைல கேட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதேன். வந்து அவங்க போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டேன். எப்பவும் போல."

"அம்மாகிட்ட ஏம்மா சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியாதுங்கற நெனப்புலதான் அவங்க சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. மாத்திரை தீரப்போற சமயத்துல நானே கேப்பேன், 'ஏம்மா, இந்த மாசம் உன் சிநேகிதி வீட்டுக்குப் போகலையா'ன்னு. ஆஸ்பத்திரிக்குப் போறதைச் சிநேகிதி வீடுன்னுதான் சொல்லுவாங்க. இப்படியே ஓட்டிட்டு இருந்தோம். நல்லாத்தான் இருந்தோம்."

தெருக்காரி அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டாளாம். மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார். அதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"அம்மா ஒடைஞ்சு போய் உக்காந்திருந்தாங்க. ஆறுதலா இருக்கட்டும்னு 'எனக்கு முன்னாடியே தெரியும்மா, விடு'ன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது போல. அன்னிலேருந்து எனக்குச் சமைக்கறதில்ல. அடுப்புப் பக்கமே வரமாட்டேங்கறாங்க. 'மூணு வருஷமா பயந்துக்கிட்டே தின்னியா'ன்னு கேக்கறாங்க. இல்லம்மான்னு எத்தனை தடவை சொல்றது? நம்ப மாட்டேங்கறாங்க."

என் மேல் வக்கீல் சங்கத்தில் புகார் கொடு, நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுலயும் அம்மா பேரு எழுதணுமே மேடம்."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "உங்களை நல்லாத் திட்டணும்னுதான் வந்தேன். மூஞ்சியப் பார்த்தா திட்டவும் வரலை."

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

பட்டுக்குரலுக்குப் போன் செய்தேன். அந்தத் தோட்ட வேலை இன்னும் இருக்கிறதா? இருபத்திரண்டு வருஷத்தில் எதிர்த்தரப்பிடம் நான் கெஞ்சியது கிடையாது. இன்று கெஞ்சினேன். "அப்ப யாருக்கும் தெரியாதே மேடம். இப்ப பெத்தவங்க விடுவாங்களா?" என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. போனை வைத்துவிட்டுக் கோப்பை எதற்கோ திறந்தேன், மூடினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சமையலக்கா வந்தார். ஒரு சுற்று இளைத்துவிட்டார். வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்றார்.

இனி மறைக்க எதுவும் இல்லையே, இனியாவது நின்று போராடலாமே என்று சொல்ல வாய் வந்தது. என்ன ஜென்மமோ நான். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

வாபஸ் மனுவை நானே தட்டச்சு செய்தேன். "இதுலயும் அந்த எக்ஸுதானே?" என்று கேட்டார். ஆறு தடவை சரிபார்த்தேன். அவருக்கும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்ட பக்கத்தை அவர் கண் முன்னாலேயே உறையில் வைத்து ஒட்டினேன்.

வேறு ஊரில் அக்கா வீட்டுக்குப் போகிறாராம். அங்கே யாருக்கும் தெரியாது.

"பொண்ணு?"

"அவ இங்கயே இருக்கட்டும். கூட வேலை பார்க்கற பொண்ணுங்களோட ரூம் எடுத்துக்கறாளாம். என்னால அவளுக்கு ஒரு பேச்சு வரக் கூடாது."

"அவ உங்களை ஒண்ணும் நெனைக்கலைக்கா. மூணு வருஷமா உங்க கையாலதானே சாப்பிட்டா."

"அதைத்தான் வக்கீலம்மா தாங்க முடியல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒவ்வொரு வாய் வெக்கும்போதும் நான் எதிர்லதான் உக்காந்து பார்த்துட்டு இருந்தேன். சந்தோஷமாச் சாப்பிடறான்னு நெனச்சேன். இப்ப ஒவ்வொண்ணா நெனச்சுப் பார்க்கறேன். அன்னிக்கு ஏன் பாதி வெச்சா, இன்னொரு நாள் ஏன் பசிக்கலன்னா."

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். போகும்போது அவர்தான் என் தோளைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்.

மே 5, திங்கள்

'மனு வாபஸ் பெறப்பட்டதால் தள்ளுபடி செய்யப்படுகிறது.' ஒரு வரி.

எழுந்து வரும்போது நீதிபதி, "அந்த டாக்டர் சாட்சியம் நல்லா இருந்துச்சு. ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்" என்றார். எந்த முடிவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

மே 19, திங்கள்

வாய்தாப் படிவங்களை எல்லாம் கிழித்துப் போட்டேன். மத்தியானம் கோர்ட்டில் ஒன்று தேவைப்பட்டு, பக்கத்து வக்கீலிடம் கடன் வாங்கினேன்.

ஜூன் 3, செவ்வாய்

மகளுக்கு நானே போன் செய்தேன். எடுத்தாள்.

அம்மா அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்கிறாராம். போனால் பெயர் எழுதச் சொல்வார்கள், அந்த ஊரிலும் தெரிந்துவிடும். அதனால் இவள் இங்கே மாத்திரை வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்க் கொடுக்கிறாள். கொடுப்பது என்றால் கொடுப்பது இல்லை, கதவு திறப்பதில்லை. கைப்பிடியில் பையை மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுகிறாள்.

"போன மாசம் மாட்டின பை இந்தத் தடவை அங்க இல்ல மேடம்."

"அப்ப எடுத்துக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

"எடுத்துக்கிட்டாங்களோ, பெரியம்மா தூக்கிப் போட்டாங்களோ. சாப்பிடறாங்களான்னு எப்படித் தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. கடை மேலாளர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 19, வியாழன்

மதியம் ஒருவர் வந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், ஓட்டியவர். முப்பத்தைந்து இருக்கும். கதவைச் சாத்தலாமா என்று கேட்டுவிட்டுச் சாத்தினார். "சமையல்காரம்மா கேஸை நடத்தினது நீங்கதானே மேடம்?" ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கு நிற்கிற வரிசையில் யாரோ சொன்னார்களாம். அது எப்படி முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை போலும்.

பள்ளிக்கூடம் கொடுத்த கடிதத்தை நீட்டினார். இரண்டு தடவை படித்தேன். எச்.ஐ.வி. இருப்பதால் வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று பச்சையாக எழுதி, முதல்வர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறார்கள். சமையலக்காவுக்கு வாயால் சொன்னதை நிரூபிக்க நான் எத்தனை மாசம் அல்லாடினேன். இப்படி ஒரு ஆதாரம் கிடைத்தால் எந்த வக்கீலுக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

"இது நிக்குமா மேடம்? ஜெயிக்குமா?"

"ஜெயிக்கும்" என்றேன். பொய் இல்லை.

"வீட்ல யாருக்குத் தெரியும்?"

"பொண்டாட்டிக்கு மட்டும். பசங்க ரெண்டு பேரும் அதே ஸ்கூல்லதான் படிக்கறாங்க."

கடிதத்தை அது மடிந்திருந்த மடிப்பிலேயே மடித்து அவர் கையில் வைத்தேன். யாரிடமும் காட்டாதீர்கள் என்றேன். வேறு இடத்தில் வண்டி ஓட்டப் பாருங்கள், காரணம் கேட்டால் முதுகு வலி என்று சொல்லுங்கள் என்றேன். என் குரல்தான். பதற்றமே இல்லாமல், கட்சிக்காரருக்குச் சட்டம் சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு பெரிதாக மூச்சை விட்டார். "ரொம்ப நன்றி மேடம். நானும் இதையேதான் நெனச்சேன். பெரியவங்க யாராவது ஒருத்தர் சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு." எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் ஒழுங்காகத் தள்ளி வைத்தார். வாசலில் இன்னொரு தடவை நன்றி சொன்னார்.

குமாஸ்தா எட்டிப் பார்த்து, "புது கேஸா மேடம்? பைல் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த மனிதர் தெருவைக் கடந்து, தேநீர்க் கடையில் நின்று, ஒரு டீ சொல்லி, சுற்றி நின்றவர்களோடு சாதாரணமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வழக்கென்று என்னிடம் வந்த ஒருவர் இவ்வளவு நிம்மதியாகத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை.